குளத்தைச் சுற்றி நடந்த செருப்பு

தோட்டம் போட ஒரு டிசைனரை வரச் சொல்லியிருக்கிறேன் என்று மாமா சொன்னபோது அத்தை ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ஒரே முயற்சியில் கோத்துவிட்டாள். பிறகு அந்த ஊசியை எங்கே குத்துவதென்று மறந்துபோனவள் மாதிரி விரல்களுக்கிடையில் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

“எந்தத் தோட்டத்துக்கு?”

“அரண்மனைத் தோட்டத்துக்கு. நம்ம பின்பக்கத்துக்குத்தான், வேற எதுக்கு?”

“அது நல்லாத்தானே இருக்கு.”

“எது? ஒரு குழாய், ஒரு கல்லு, ஒரு கொடிக்கம்பி. ஜெயில்லகூட இதைவிட நல்லா வெச்சிருப்பாங்க.”

மாமா பேருந்துப் பணிமனையில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவர். வாழ்நாளில் பாதியை இரும்பு அலமாரிகளுக்கு நடுவே, கிரீஸ் வாசனையில், டியூப் லைட் வெளிச்சத்தில் கழித்தவர். ஓய்வு பெறப்போகிற வருடம் அது. கூட வேலை பார்த்த ஒருவர் வீட்டில் கல் கட்டிய சின்னக் குளம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அதன் விளிம்பில் உட்கார்ந்து காலை நனைத்தாராம். அன்றிலிருந்து வேறு பேச்சில்லை. எல்லாரையும் கிண்டல் செய்வாரே தவிர, தனக்கென்று அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. இதைத்தான் முதன்முதலாகக் கேட்டார். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் மறுக்க அத்தைக்கு வாய் வரவில்லை.

“கொசு வரும்” என்றாள்.

“மீன் விடுவோம். மீன் கொசுவைத் தின்னுடும்.”

“மீனைப் பூனை தின்னுடும்.”

“பூனைகிட்ட நான் பேசிக்கிறேன்.”

நான் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. ஊசியைத் தன் தோள்பட்டைத் துணியில் குத்திக்கொண்டு எழுந்தாள். எழுந்தவள் காலடியில் இருந்த முக்காலியில் இடித்துக்கொண்டாள். முக்காலி கவிழ்ந்தது. அதை யார் இங்கே வைத்தது என்று என்னைத் திட்டிவிட்டுப் போனாள். அவள்தான் வைத்திருந்தாள்.

வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் அத்தை வீட்டு மாடியறையில் இருக்கிறேன். கல்யாணமாகிப் போன அவர்கள் மகளின் அறை அது. ஜன்னலைத் திறந்தால் பின்பக்கம் முழுதும் தெரியும். சமையலறைக் கதவு இந்தக் கோடி. அத்தையின் தையல் மெஷின் இருக்கும் தகரக் கொட்டகை அந்தக் கோடி. நடுவில் துணி துவைக்கும் கல், குழாய், கொடிக்கம்பி. சந்துப் பக்கம் ஒரு சின்னக் கதவு. பேண்ட்டின் கால் உயரம் குறைக்க, ஜிப் மாற்ற, பள்ளிக்கூடச் சீருடை தைக்க வருகிறவர்கள் அந்தக் கதவு வழியாகத்தான் வருவார்கள். அத்தை காலையிலிருந்து பொழுது சாயும்வரை சமையலறைக்கும் கொட்டகைக்கும் நடந்துகொண்டே இருப்பாள். வளையாமல், குனியாமல், தலையை நேரே வைத்துக்கொண்டு, யாரோ நூல் பிடித்துக் கொடுத்த மாதிரி ஒரே கோட்டில் நடப்பாள். வாளியை நான் குழாயடியிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தால் போதும், அது அவள் காலில் உதைபட்டு உருளும். அன்று முழுக்க எனக்குப் பாட்டுத்தான்.

“வெச்ச பொருள் வெச்ச இடத்துல இருக்கணும். இது வீடா, பஸ் ஸ்டாண்டா?”

தெருவில் அவளுக்கு வேறு பெயர். எதிர்வீட்டு அக்கா ஒருநாள் என்னிடம் குறைபட்டுக்கொண்டாள். “கையைத் தூக்கி ஆட்டறேன், பாக்காத மாதிரியே போறாங்க உங்க அத்தை. திரும்பிப் பாத்தா கிரீடம் கீழ விழுந்துடுமாக்கும்.” இது மாமா காதுக்கும் வந்தது. அன்றிலிருந்து அவர் அத்தையை மகாராணி என்றுதான் கூப்பிடுவார். அத்தை அதற்குக் கோபப்படவில்லை. தலைக்கனம் பிடித்தவள் என்று பெயர் வாங்குவது அவளுக்கு ஒருவிதத்தில் வசதியாக இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

டிசைனர் ஒரு இளம்பெண். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கழுத்தில் மாலை மாதிரி அளவு நாடா. வந்ததும் பேசவில்லை. நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

“இங்க அதிகமா நடக்கிறது யாரு?” என்று கேட்டாள்.

“நான்தான் மேடம். அதாவது, இனிமேதான் நடக்கப்போறேன்” என்றார் மாமா.

அத்தை சமையலறைப் படியில் நின்றிருந்தாள். மாமா கைகளை அகல விரித்து எல்லாவற்றையும் சொன்னார். இங்கே குளம். குளத்தைச் சுற்றிச் செடி. பாதை நேராகப் போகக் கூடாது, வளைந்து வளைந்து போக வேண்டும். நேராக நடந்து நடந்து அலுத்துவிட்டது, அவருடைய கிடங்கில் எல்லாமே நேர்க்கோடு.

“ஆழம் எவ்வளவு இருக்கும்?” என்றாள் அத்தை.

“இடுப்பளவு” என்றாள் டிசைனர்.

அத்தை தலையாட்டினாள். ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்திருந்தாள். நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பொத்தானுக்குக் காஜா எடுக்கும்போதுகூட நடுங்காத விரல்கள் அவை.

டிசைனருக்கு ஒரு வழக்கம் இருந்தது. மண்ணைத் தொடுவதற்கு முன் தரையிலேயே தோட்டத்தை வரைந்துவிடுவாள். மூக்கு நீண்ட தகரக் குவளையில் சுண்ணாம்புப் பொடியை நிரப்பி, மெல்லச் சாய்த்துக்கொண்டே நடந்தாள். வெள்ளைக் கோட்டில் குளம் வந்தது. பாதை வந்தது. செடிகள் நிற்கப்போகும் இடங்கள் வட்டம் வட்டமாக வந்தன.

“ஒரு வாரம் இது இப்படியே இருக்கட்டும். இங்க நெஜமாவே குளம் இருக்கு, செடி இருக்குன்னு நெனச்சு எல்லாரும் நடங்க. பெருக்காதீங்க, தண்ணி தெளிக்காதீங்க. கோடு எங்கெங்க மிதிபட்டு அழியுதோ அதைப் பாத்துட்டுத்தான் நான் கடைசியா முடிவு பண்ணுவேன். மனுஷங்க வாய் ஒண்ணு சொல்லும், கால் ஒண்ணு சொல்லும்.”

மாமா அன்றைக்கே இல்லாத குளத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வேட்டியை முழங்கால்வரை தூக்கிவிட்டுக்கொண்டு, இல்லாத தண்ணீரில் காலை ஆட்டினார்.

மறுநாள் மத்தியானம் நான் கொட்டகைக்கு டீ எடுத்துக்கொண்டு போனேன். அத்தை மெஷினில் குனிந்திருந்தாள். வழக்கம்போல எதுவும் பேசாமல் அவள் இடது பக்கம் போய் நின்றேன். டம்ளரை மேஜை ஓரத்தில் வைத்தேன். அவள் துணியைத் திருப்பினாள். முழங்கை பட்டு டம்ளர் சரிந்தது. அவள் துள்ளி எழுந்த வேகத்தில் மெஷினே ஆடியது. கத்தவில்லை. கத்துவதற்கு முன்னால் ஒரு முகம் இருக்குமே, அந்த முகம் மட்டும் வந்து அப்படியே நின்றுவிட்டது.

“எப்ப வந்தே?”

“அப்பவே. உங்க பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன்.”

“எந்தப் பக்கத்துல?”

கொட்டகை ஒரு ஆள் கை விரித்தால் இரண்டு சுவரும் தொடும் அகலம். அதற்குள் நான் எந்தப் பக்கம் நின்றேன் என்று கேட்கிறாள்.

அவள் என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தாள். முதல் முறை கை காற்றில் போனது. இரண்டாம் முறைதான் கிடைத்தது.

“உக்காரு. இங்க, எனக்கு நேரா உக்காரு. ஒரு குழாய் வழியா பாக்கிற மாதிரிடா. குழாய்க்குள்ள இருக்கிறது எல்லாம் பளிச்சுனு தெரியும். ஊசிக் காது தெரியும். உன் மூக்கு நுனியில மை ஒட்டியிருக்கு, அது தெரியுது. உன் கை எங்கன்னு கேட்டா தெரியாது.”

“சுத்தி இருட்டா இருக்குமா?”

“இருட்டா இருந்தாத் தேவலையே. அங்க இருட்டுன்னாவது ஒண்ணு இருக்குன்னு ஆகும். அங்க ஒண்ணுமே கிடையாது. அந்த ஒண்ணுமில்லாததுக்குள்ளேர்ந்து திடீர்னு ஆள் வரும். சைக்கிள் வரும். கதவு வரும். இப்ப நீ வந்த மாதிரி.”

டாக்டரிடம் போனாளா என்று கேட்டேன். போனால் சொல்லிவிடுவார் என்றாள். எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. தெரியாமல் இருப்பதற்காகத்தான் அவள் போகவில்லை.

“எங்கப்பாவுக்கு, உன் தாத்தாவுக்கு, இதேதான். நீ பாத்ததில்ல. நல்லா பேசுற மனுஷன். கண்ணு போகுதுன்னு தெரிஞ்சதும் ஒரு இடத்துல உக்கார வெச்சோம். அன்பாத்தான். அடுப்புகிட்ட போகாதீங்கப்பா, வாசல்ல இறங்காதீங்கப்பா, நீங்க உக்காருங்க நாங்க பாத்துக்கிறோம். கொஞ்ச நாள்ல நாம பேசுனாத்தான் பேசுவாருன்னு ஆச்சு. அப்புறம் பேசுனாலும் பேசல. அவரை உக்கார வெச்சது யாருன்னு நெனைக்கிற? நான்தான்.”

கொட்டகைத் தகரம் வெயிலில் டப்பென்று ஒரு சத்தம் போட்டது. இருவரும் திடுக்கிட்டோம்.

“உன் மாமா நல்லவரு. அதான் பயமா இருக்கு. தெரிஞ்ச அன்னிக்கே கத்திரிக்கோலைத் தூக்கிப் பரண்ல வெச்சிடுவாரு. சந்துக் கதவுக்குப் பூட்டு போட்டுடுவாரு. எனக்கு இந்தப் பத்தடியும் இந்த மெஷினும்தான்டா. இது போச்சுன்னா நான் அந்த மூலையில உக்காரணும். சொல்லாத.”

“குளம் வெட்டப்போறாங்களே அத்தை.”

“பழகிடுவேன். தண்ணி வர்றதுக்குள்ள பழகிடுவேன்.”

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். தலையாட்டியது அவளுக்குத் தெரிந்திருக்குமா என்று பயந்து வாயாலும் சொன்னேன்.

மாமா வேலைக்குப் போன பிறகு அவள் பழகிப் பார்த்தாள். நான் படியில் உட்கார்ந்து பார்த்தேன். வெள்ளைக் கோடு தெரிய வேண்டுமானால் தலையை முழுக்கத் தொங்கப்போட வேண்டும். தொங்கப்போட்டால் கொட்டகை காணாமல் போகும். கொட்டகையைப் பார்த்து நிமிர்ந்தால் கோடு காணாமல் போகும். இரண்டையும் மாறி மாறித் தேடிக்கொண்டு போனவள் முதல் வளைவிலேயே இரண்டையும் தொலைத்தாள். குளத்தின் நட்ட நடுவில் நின்றுகொண்டு, வெட்ட வெளியில், பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று ஒரு கையை நீட்டினாள். பட்டப்பகல். அவள் தினமும் நடக்கும் மண்.

“எங்கடா இருக்கேன்?” என்றாள் மெதுவாக.

“குளத்துக்குள்ள.”

அவள் சிரிக்க முயன்றாள். “மூழ்கிட்டேனா?”

அதற்குப் பிறகுதான் அந்த யோசனை வந்தது. அவளுடைய யோசனைதான், ஆனால் ஒத்துக்கொண்டவன் நான். டிசைனர் திரும்பி வந்து பார்க்கும்போது, அத்தையின் செருப்புத் தடம் குளத்தைச் சுற்றிப் போயிருக்க வேண்டும். கோடுகளின் நடுவே நேராகப் போயிருந்தால் கேள்வி வரும். ஆகவே அவள் செருப்பை நான் போட்டுக்கொண்டு சுற்ற வேண்டும்.

செருப்பு எனக்குச் சின்னது. பின்னங்கால் வெளியே தொங்கியது. காலையில் ஒரு தடவை, அலுவலகத்திலிருந்து வந்ததும் ஒரு தடவை, கோட்டை மிதிக்காமல், குளத்தை ஒட்டி, வளைவுக்கு வளைந்து, கொட்டகைக்குப் போய்த் திரும்பினேன். அத்தை தன் பழைய தடங்களை ஒரு துடைப்பக் குச்சியால் கலைக்கப் பார்த்தாள். எது தடம், எது மண் என்று அவளுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. சந்தில் போன எதிர்வீட்டு அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டி, “என்ன தம்பி, அத்தை செருப்புல ஊர்வலமா?” என்றாள். என் செருப்பு அறுந்துவிட்டது என்றேன். காது மடல் சுட்டது.

டிசைனர் வந்தாள். மாமா விடுப்புப் போட்டுவிட்டு பெண் பார்க்க வந்தவர் மாதிரி சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு நின்றார். அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கோடுகளைப் பார்த்தாள். எழுந்து கொஞ்சம் தள்ளி மறுபடி உட்கார்ந்தாள்.

“இது உங்க தடம் சார். ஜாலியா சுத்தியிருக்கீங்க.”

“பின்ன?”

“இது யாருது? இந்தப் பூப்போட்ட அடி?”

“அது மகாராணி செருப்பு” என்றார் மாமா. “பாருங்க, என்ன ஒழுங்கா சுத்திப் போயிருக்கா. நான் கிழிச்ச கோட்டை ஒருநாளும் மதிச்சதில்ல, நீங்க கிழிச்சா மட்டும் மதிக்கிறா.”

டிசைனர் சிரிக்கவில்லை. குளத்தின் நடுவே பாதி கலைந்திருந்த இன்னொரு தடத்தைப் பார்த்தாள். அதுவும் பூப்போட்டதுதான். பிறகு என் கால்களைப் பார்த்தாள். நான் ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் ஒளித்தேன். அவள் எழுந்து, அளவு நாடாவின் நுனியை அத்தையின் இடுப்பருகே நீட்டி, “கொஞ்சம் புடிங்கம்மா” என்றாள்.

அத்தை அவள் முகத்தைப் பார்த்துப் புன்னகையோடு நின்றாள். நாடா காற்றில் நின்றது. மாமா செடி வட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தார். நான் பாய்ந்துபோய் நாடாவைப் பிடித்தேன்.

“குளம் இந்த இடத்துல வேணாம் சார். நான் வேற மாதிரி யோசிச்சு வரைஞ்சுட்டு வரேன். அதுவரைக்கும் எதையும் தோண்ட வேணாம்” என்றாள் டிசைனர்.

மாமாவின் முகம் சுருங்கியது. “ஏன் மேடம், எல்லாம் வரைஞ்சாச்சே.”

“மண்ணு சரியில்ல.”

அவளைச் சந்துக் கதவுவரை கொண்டுவிடப் போனேன். வெளியே வந்ததும் நின்றாள்.

“ஒரே செருப்பு ரெண்டு ஆளா நடந்திருக்கு. ஒரு ஆள் நேரா, அகலமா கால் வெச்சு, தரையைத் தடவுற மாதிரி. இன்னொரு ஆள் கொஞ்சம் பெரிய ஆள். குதிகால் வெளிய பதிஞ்சிருக்கு.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அவங்களுக்குப் பக்கவாட்டுல தெரியாதா?”

நான் குனிந்து என் கால்களைப் பார்த்தேன். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

“சொல்லிடுங்க. நீங்க சொல்றீங்களா, நான் வந்து சொல்லட்டுமா? தெரியாத மாதிரி என்னால அங்க குழி வெட்ட முடியாது.”

அத்தையிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். “நானே சொல்லிடறேன். பள்ளிக்கூடம் திறக்கப்போறாங்க, இந்தச் சீருடையெல்லாம் தெச்சுக் குடுத்துட்டு, அன்னிக்கே சொல்லிடறேன். அதுவரைக்கும் என்னை உக்கார வெச்சிடாதே” என்றாள்.

அந்த நாட்களில் நான் அலுவலகத்தில் ஒரு வேலையும் ஒழுங்காகச் செய்யவில்லை. தொலைபேசி அடித்தால் வீட்டிலிருந்துதான் என்று பாய்ந்து எடுப்பேன். தெருவில் எனக்கு இடப்பக்கமாக ஏதாவது வண்டி கடந்தால் நின்று, தலையைத் திருப்பாமல் எவ்வளவு தெரிகிறது என்று சோதித்துப் பார்ப்பேன். தெரிந்தது. தெரிகிறது என்று நானாக நினைத்துக்கொள்கிறேனோ என்று அடுத்த நொடியே சந்தேகம் வரும்.

கடைசிச் சீருடைகளைக் கொடுத்து முடிக்கிற நாள் வந்தது. பொழுது சாயும் நேரத்துக்கு நான் வீடு திரும்பினேன். பின்பக்கத்திலிருந்து மண் சரியும் சத்தம். சமையலறைக் கதவைத் திறந்தேன்.

மாமா குழிக்குள் நின்றுகொண்டிருந்தார். யாரிடமோ கடப்பாரையும் மண்வெட்டியும் வாங்கி வந்து, சுண்ணாம்புக் கோட்டுக்குச் சரியாக, இடுப்பளவுக்குக் குளத்தை வெட்டி முடித்திருந்தார். பனியன் முழுக்கச் சேறு. முகம் சின்னப் பையன் முகம் மாதிரி பிரகாசமாக இருந்தது.

“டிசைனர்னா எதையாவது மாத்திக்கிட்டேதான் இருப்பாங்க மாப்ள. குழி குழிதானே. எப்படி?”

“அத்தை எங்க மாமா?”

“காலையிலயே துணி குடுக்கப் போயிட்டா, நானும் லீவு போட்டுட்டேன். வந்து பாக்கட்டும். அசந்துடணும்.”

நான் ஓடினேன். வாசல் வழியாகத் தெருவுக்கு இறங்கி, அவள் வரக்கூடிய முனைவரை போனேன். தெருவிளக்கு இன்னும் எரியவில்லை. வெளிச்சம் போகவும் இல்லை, இருக்கவும் இல்லை. அவளுக்கு ஆகவே ஆகாத நேரம். முனையில் அவள் இல்லை. கடைப்பக்கம் இல்லை. அப்போதுதான் உறைத்தது. துணி மூட்டையோடு போனால் அவள் சந்து வழியாகத்தான் திரும்புவாள். நான் திரும்பி ஓடி வரும்போதே பின்பக்கத்துச் சந்துக் கதவின் கொண்டி விழும் சத்தம் கேட்டது.

சமையலறைப் படிக்கு நான் வந்து சேர்ந்தபோது அவள் சந்துக் கதவைச் சாத்திவிட்டுத் தன் கோட்டைப் பிடித்துவிட்டிருந்தாள். கையில் மடித்த வெற்றுப் பை. தலை நிமிர்ந்து, கண் கொட்டகைக் கதவின்மேல், எந்த அவசரமும் இல்லாத அதே நடை. மாமா குழிக்குள் இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, ஒரு சத்தமும் போடாமல் நின்றிருந்தார். அவள் பார்த்துவிட்டு அசந்துபோய் நிற்கும் அந்தக் கணத்துக்காகக் காத்திருந்தார். அவள் அவரை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தாள். அவருடைய தலைக்கு மேலாகப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தாள்.

வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அவளுடைய அடுத்த அடி வெட்டிப் போட்ட ஈரமண்ணில் பதிந்தது. அது வேறு மாதிரி மண் என்று அவள் பாதம் தயங்கியது.

“அத்தை, நில்லுங்க” என்று கத்தினேன். “குழி.”

அவள் நின்றாள். ஒரு கால் விளிம்பில், ஒரு கால் பின்னால். விளிம்பிலிருந்து மண் பொலபொலவென்று மாமாவின் கால்மேல் உதிர்ந்தது.

“ஏன்டா கத்தற?” என்றார் மாமா, தன் வேடிக்கை கெட்டுப்போன எரிச்சலில். “இவ்வளவு பெரிய குழி அவளுக்குத் தெரியாதா?”

மாமா அவளை அண்ணாந்து பார்த்தார். விரித்த கைகளில் ஒன்று மெதுவாக இறங்கியது. இன்னொன்றை அவள் வயிற்றுக்கு நேராக, தொட்டுவிடும் தூரத்தில் நீட்டி, இப்படியும் அப்படியும் அசைத்தார். அவள் அசையவில்லை.

“இந்தாம்மா” என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. “நான் எங்க நிக்கிறேன்?”

அத்தை கொட்டகைப் பக்கம் பார்த்து, அங்கே நின்றிருந்த யாருக்கோ சொல்வது மாதிரி, “அங்கதான்” என்றாள். புன்னகைகூடச் செய்தாள்.

மாமா குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் அத்தை பயந்தபடியே நடந்தது. அவர் அவளைத் திட்டவில்லை. எத்தனை வருஷமாக என்று கேட்டார். சீருடை தைக்க ஆரம்பித்த வருஷத்திலிருந்து என்றாள். தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். “நீங்க என்னை உக்கார வெச்சிடுவீங்க” என்றாள். சேச்சே, நானா, என்று சொல்லிக்கொண்டே அவளை இரண்டு கைகளாலும் பிடித்து, சமையலறைக்குள் கூட்டிவந்து, உட்கார வைத்தார். சந்துக் கதவுக்கு மறுநாளே பூட்டு வந்தது. கத்திரிக்கோல் பரணுக்குப் போகவில்லை. அலமாரிக்குள் போனது.

கண் மருத்துவமனையில் அவளை ஓர் இருட்டறைக்குள் அழைத்துப் போனார்கள். ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரியான கருவிக்குள் முகத்தை வைக்க வேண்டும். அங்கங்கே ஒளிப்புள்ளி தோன்றும். தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. நானும் மாமாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பொத்தான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். டிக். டிக். டிக். பிறகு ஒன்றும் இல்லை. கருவி ஓடும் முனகல் மட்டும் கேட்டது. மாமா என் தொடையை இறுக்கிப் பிடித்தார். “அமுக்க மாட்டேங்கிறாளே. ஏன்டா அமுக்க மாட்டேங்கிறா?” ஒரு டிக். மறுபடி அந்த முனகல், நீளமாக. இந்த மனிதர் எதற்காவது பயந்து நான் அன்றுதான் பார்த்தேன்.

கண்ணுக்குள் அழுத்தம் என்றார் டாக்டர். போனது போனதுதான், திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்தால் பிடித்து வைக்கப் பார்க்கலாம். முன்பே வந்திருந்தால் இன்னும் நிறைய இருந்திருக்கும். இதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அத்தை தன் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். ரத்த சொந்தம் எல்லாரும் கண்ணைச் சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். அன்று மாலை அத்தை மகளிடமும் என் அப்பாவிடமும் தொலைபேசியில் பேசினாள். மகள் அழுதாள். அப்பா, “எனக்கு என்ன, பேப்பர் எழுத்தெல்லாம் நல்லாத் தெரியுது” என்றார். அத்தை தொலைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் மறுவாரம் அதே கிண்ணத்துக்குள் முகத்தை வைத்தேன். பயத்தில் இல்லாத புள்ளிகளுக்கெல்லாம் அழுத்தியதால் இரண்டாம் முறை எடுக்கச் சொன்னார்கள். இப்போதைக்கு ஒன்றும் இல்லை, வருடாவருடம் வா என்றார்கள். இப்போதைக்கு என்ற சொல்லோடு வீட்டுக்கு வந்தேன்.

குழியை மாமா தானே மூடினார். டிசைனர் வந்தபோது அவரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அத்தையிடம் கேட்டாள். “நீங்க சொல்லுங்கம்மா. உங்களுக்கு எப்படி வேணும்?”

அத்தை ஒவ்வொன்றாகச் சொன்னாள். நேர் பாதை வேண்டும். செங்கல் பதித்தது. இரண்டு ஓரத்திலும் சரளைக்கல், கால் விலகினால் பாதமே சொல்லிவிடும்படி. பாதைக்கு மேல் எந்தக் கிளையும் வரக் கூடாது. கொடிக்கம்பி வேறு பக்கம். வாளிக்கு ஒரு மாடம்.

“அப்புறம், அவருக்கு ஒரு தொட்டி. தரைக்கு மேல, சுவரோரமா. அதுல கால நனைச்சுக்கட்டும்.”

“எனக்கு ஒண்ணும் வேணாம்” என்றார் மாமா.

“வேணும்” என்றாள் அத்தை.

வேலை நடந்த நாட்களில் மாமா அவள் பின்னாலேயே நடந்தார். தொடாமல், இரண்டு கைகளையும் தூக்கி வைத்துக்கொண்டு, விழப்போகும் அலமாரியைத் தாங்கத் தயாராக நிற்பவர் மாதிரி. அவளுக்கு அது தெரியாது என்று அவர் நினைத்தார். ஒருநாள் பாதி வழியில் நின்று, திரும்பாமலே சொன்னாள், “உங்க மூச்சு சத்தம் கழுத்துல அடிக்குது. போய் வேற வேலை பாருங்க.” அவர் கைகளை இறக்கினார். அடுத்த நாள் கத்திரிக்கோலைக் கொண்டுபோய் மெஷின்மேல் வைத்தார். சந்துக் கதவின் பூட்டு மட்டும் இன்னும் சில நாள் தொங்கியது.

அதைத் திறக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. தைத்து முடித்த துணிகளைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் வாசல் பக்கமாக வந்தாள். செருப்பை மாட்டினாள்.

“எங்க?” என்றார் மாமா.

“துணி குடுக்க.”

“நான் குடுத்துட்டு வரேன்.”

“இடுப்பு அளவு சரியான்னு நீங்களா போட்டுப் பாத்துச் சொல்லுவீங்க?”

“மாப்ள கூட வரட்டும்.”

“வேணாம்.”

சொன்ன பிறகும் அவள் போகவில்லை. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றாள். பிறகு தெருவில் இறங்கினாள்.

நாங்கள் இருவரும் கேட்டருகே நின்றோம். அவள் தெருவின் ஓரத்தை ஒட்டி நடந்தாள். எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து அவளுக்கு நேர் எதிரே நின்று கையை ஆட்டினாள். அத்தையும் ஆட்டினாள். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. முனைக்குப் போனதும் அவள் நின்று, டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி, தலையை ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை முழுதாகத் திருப்பிப் பார்த்தாள். ஒரு மோட்டார் சைக்கிள் கடந்தது. மறுபடி திருப்பிப் பார்த்தாள்.

“பின்னாடி போகட்டுமா?” என்றார் மாமா, என்னிடம் அனுமதி கேட்பவர் மாதிரி.

“தெரியல மாமா.”

அவர் கேட்டின் கொண்டியைத் தூக்கினார். போட்டார். மறுபடி தூக்கிப் பிடித்துக்கொண்டார். அத்தை தெருவைக் கடந்து, திரும்பி, எங்கள் கண்ணிலிருந்து மறைந்தாள்.